படிக்கட்டில் ஆணிச் சப்பாத்து

கியூபெக்கில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் நாங்கள் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். வெளியே இரும்புப் படிக்கட்டு. மேல்வீட்டுக்குப் போவதென்றால் எங்கள் வாசலைக் கடந்துதான் போகவேண்டும். அங்கே கியூபெக்காரர் ஒருவர் தனியே இருந்தார். கண்டால் 'பொன்ஜூர்' சொல்வார். அதற்குமேல் பழக்கமில்லை.

ஒரு சனிக்கிழமை காலை. கணவர் டவுன்டவுனில் ரெஸ்ரோரன்ட் வேலைக்குப் போய்விட்டார். நான் மகளுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியாக. சின்ன வயதில், ஊரில் ஆமி வீடு வீடாகத் தேடிய சுற்றிவளைப்பு நாட்களில், விடியப்புறம் எங்கள் ஒழுங்கைக்குள் வந்த சப்பாத்துகளுக்கும் இதே நிதானம்தான். அடுப்பை எப்போது நிப்பாட்டினேன் என்று தெரியாது.

யன்னல் சீலையை விலக்கினேன். சாம்பலும் பச்சையும் கலந்த தடித்த மேற்சட்டை. காதுவரை இறங்கிய இரும்புத் தொப்பி. இடுப்புப் பட்டியில் தோட்டா வைக்கும் தோல் பைகள். முதுகில் நீளமான தகரக் குடுவை. பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் பார்த்த ஜெர்மன் ஆமிக்காரன் எங்கள் படியில் நின்றான். கையில் துவக்கு இல்லை. அது எங்கே என்றுதான் என் கண் தேடியது.

மகளைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்ப் பூட்டிவிட்டு, கணவருக்குப் போன் எடுத்தேன்.

"படம் எடுக்கிறாங்களாக்கும். நீர் கதவைத் திறக்காதையும்," என்றார்.

அப்போதுதான் கதவில் தட்டும் சத்தம் கேட்டது. மகள் என் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். "மாடம், நான் மேல்வீடு. கதவுத் திறப்பை உள்ளுக்கு விட்டிட்டன். போனும் உள்ளுக்குத்தான்." பிரெஞ்சில் கேட்டது தெரிந்த குரல்.

சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். வேர்வையில் தலைமயிர் நெற்றியோடு ஒட்டியிருந்தது. இடைவெளியால் போனை நீட்டினேன். வீட்டுச் சொந்தக்காரரிடம் மாற்றுத் திறப்புக் கேட்டுக் கதைத்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"பயந்திட்டீங்களோ? இது வெறும் உடுப்பு. நாங்கள் கொஞ்சப் பேர் காட்டுப் பக்கம் போய்ப் பழைய யுத்தத்தை நடிச்சுக் காட்டுறனாங்கள்."

"ஏன் இந்த ஆமி?"

"ஆராவது எதிரியா நிக்கத்தானே வேணும்."

என்னைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, தோளில் தொங்கிய துணிப்பையைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு துண்டுப் பாண். கரண்டியும் முள்ளும் ஒன்றாகப் பொருத்திய சாமான். சவர்க்காரம். சட்டைப் பொத்தான் தைக்க ஊசி நூல். முதுகுக் குடுவைக்குள் இருந்தது நச்சுவாயு முகமூடியாம். சப்பாத்தின் அடியில் அறைந்திருந்த ஆணிகளையும் காலைத் தூக்கிக் காட்டினார்.

அந்த ஊசி நூலைக் கண்டதும் பயம் குறையவேண்டும்; எனக்குக் கூடிவிட்டது. ஊரில் சுற்றிவளைப்பில் எங்கள் வீட்டு அலுமாரியைக் கவிழ்த்துக் கொட்டின ஆமிக்காரனின் பையிலும் இப்படி ஒரு ஊசி இருந்திருக்கும். அவனும் எங்கேயோ குந்தியிருந்து பொத்தான் தைத்திருப்பான். அதுவரை நான் அவனை ஒரு மனிசனாக நினைத்ததேயில்லை.

"மெர்சி," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். எதற்கு மெர்சி என்று எனக்கே விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த உடுப்போடு போகும் நாட்களில் அவர் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, காலுறையோடு படியேறி இறங்குவார். நல்ல மனிசன். ஆனால் சத்தமில்லாமல் அவர் வருவது எனக்கு இன்னும் கூடப் பயமாக இருந்தது. யூலையில் அஹுன்ட்சிக்கில் நிலமட்ட வீடொன்றுக்கு மாறினோம். அறை காணாது, அதுதான் மாறுகிறோம் என்று எல்லோருக்கும் சொன்னோம்.