மாதம்மாள் உயிரோடு இருக்கிறார்

உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணைச் சாகடித்தது நீங்கள்தான். எங்கள் பண்பாட்டுக் குழுவின் ஒருங்கிணைப்பாளரே, உங்களைத்தான் சொல்கிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. மாரண்டஹள்ளிப் பக்கம் தக்காளி விளைவித்து தருமபுரி உழவர் சந்தையில் விற்கும் மாதம்மாளை, சுவீடனில் கணினி முன்னால் உட்கார்ந்தபடி கொன்றீர்கள். எப்படி என்று ஊரில் இருப்பவர்களுக்கும் இங்கே இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானும் ஒருவரைச் சாகடித்தவன்தான். எதிர் வீட்டு ஈவா அம்மையார் காப்பி குடிக்கக் கூப்பிட்டார். உள்ளே போனால், அலமாரி மேல் ஓர் ஆணின் கறுப்பு வெள்ளைப் படம். கழுத்துக்கு மேல் முகம் மட்டும். பக்கத்தில் மெழுகுவத்தி எரிகிறது. எனக்கு வேறென்ன தோன்றும்? செருப்பைக் கழற்றிய காலோடு படத்தின் முன்னால் நின்று கும்பிட்டேன். மொழி வகுப்பில் சொல்லிக்கொடுத்த 'பெக்லாகர் சோர்யென்' என்ற துக்கம் கேட்கும் வாசகத்தை, உச்சரிப்புப் பிசகாமல் சொன்னேன். ஈவா என்னையே பார்த்தார். அந்த நேரத்தில் சமையலறையிலிருந்து படத்தில் இருந்த ஆளே இலவங்கப்பட்டை போட்ட ரொட்டித் தட்டோடு வந்து நின்றார். அவருடைய கணவர். நான் எதற்காகக் கும்பிட்டேன் என்று புரிந்ததும் மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்றைக்கும் மாடிப்படியில் என்னைக் கண்டால் தன் மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்து, "இன்னும் ஓடுகிறது" என்பார். இங்கே வெளிச்சம் குறைவு, அழகுக்காக மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். அழகுக்காகக் கறுப்பு வெள்ளையில் படம் மாட்டுகிறார்கள். அது அவர்கள் வழக்கம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் ஊரில் அப்படி இல்லை. மனைவியின் வேலையைப் பிடித்துக்கொண்டு இங்கே வருவதற்கு முன்னால், தருமபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஒன்பது வருடம் படம் எடுத்தேன். யாராவது ஒரு கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து, "இதுல அப்பா மூஞ்சிய மட்டும் தனியா எடுத்துக் குடுங்க" என்றால் நாங்கள் எதற்கு என்று கேட்க மாட்டோம். நாற்காலியை இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, வேலையைப் பார்ப்போம். கூட்டத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுப்பது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். உயிரோடு இருப்பவருக்குக் கால் வரைக்கும் படம். செத்தவருக்குக் கழுத்து வரைக்கும். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு மட்டும் மறந்துபோயிற்று. ஆறு வருடமாக இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் கம்பெனி ஊழியர்களையும் எடுத்து எடுத்து, முகத்துக்குள்ளேயே போய் நிற்கும் பழக்கம் வந்துவிட்டது. இந்த வருடம் மூன்று மாத விடுப்பில் ஊருக்குப் போனபோது, தருமபுரியைச் சுற்றி உள்ள மனிதர்களை எடுப்பது என்று முடிவு செய்து கேமராவோடு தெருவில் இறங்கினேன். முதல் ஆள் அந்தோணி என்ற ஆட்டோக்காரர். "இருங்க, சட்டை கசங்கியிருக்குது" என்று வீட்டுக்கே போய், தேய்த்த காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். முகத்தை நெருக்கமாக எடுத்துக் காட்டினேன். அவருக்குச் சிரிப்பே வரவில்லை.

"ஏங்க, கழுத்தோட நிறுத்திட்டீங்களே. என்னைய எப்ப அடக்கம் பண்றதா உத்தேசம்?"

"இல்லண்ணா, வெளிநாட்டுல இப்படித்தான்..."

"அங்க அவங்களுக்குக் காலு இல்லீங்களா? ஆட்டோவையும் சேத்து எடுங்க. அது இல்லாம நான் யாருன்னு யாருக்குத் தெரியும்?"

பத்து அடி பின்னால் போய் நின்றேன். அன்றிலிருந்து எல்லாப் படமும் பத்து அடி தள்ளித்தான். அதன் பிறகு பார்த்த மனிதர்களை என்னவென்று சொல்வது! பென்னாகரத்திலிருந்து கிடாய் விற்க வந்தவர், முதலில் கிடாயை எடு, அதுதான் இன்றைக்குப் போகப்போகிறது, நான் நாளைக்கும் இங்கேதான் இருப்பேன் என்றார். பேருந்து நிலையத்தில் பூக்கட்டும் கன்னடக்காரப் பெண் "பேடா, பேடா", வேண்டாம் என்று கையை ஆட்டிச் சிரித்துவிட்டு, நான் நகர்ந்ததும் தலையைச் சீவிக்கொண்டு கூப்பிட்டார். இங்கே ஒரு பிள்ளையைப் படம் எடுக்கப் பெற்றோரிடம் மூன்று பக்கத்துக்குக் கையெழுத்து வாங்குகிறேன். அங்கே ஒருவரும் என்னிடம் காகிதம் கேட்கவில்லை. நிமிர்ந்து நின்றார்கள். நேராகப் பார்த்தார்கள். கேமராவுக்கு முன்னால் யாரிடமும் எதையும் யாசிக்காத நிற்பு அது. இத்தனை வருடத் தொழிலில் அப்படிப்பட்ட முகங்களை நான் எடுத்ததில்லை.

மாதம்மாள் அக்காவை உழவர் சந்தையில் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் வயது. வியாபாரம் ஓய்ந்த காலை பத்து மணி. விஷயத்தைச் சொன்னேன். "நாளைக்கு வாங்க தம்பி" என்றார். மறுநாள், மகள் நிச்சயதார்த்தத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கொண்டு, தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றார். மகள் கவிதா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். பென்னாகரத்து மாப்பிள்ளை, அவருக்கும் ஓசூரில்தான் வேலை. இரண்டு பேரும் பார்த்துப் பிடித்துப்போய், பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். பக்கத்துக் கடைக்காரர் கேலி செய்தார்.

"பொண்ணுக்கு நிச்சயமா, உனக்கா மாதம்மா?"

"எனக்கு ஆனது போதும்டா சாமி. நீ கத்திரிக்காயப் பாரு."

படம் எடுத்து முடித்ததும் ஒன்று மட்டும் சொன்னார். "எந்த ஊர்ல வேணா போடுங்க தம்பி. ஆனா முழுசாப் போடுங்க." சரி அக்கா என்றேன். மூன்று பக்கக் காகிதத்துக்குப் பதிலாக அந்த ஒரு சொல்தான் எங்களுக்குள் இருந்தது.

திரும்பி வந்ததும் நீங்கள் கேட்டீர்கள், பொங்கல் விழாக் கண்காட்சிக்குப் படங்கள் வேண்டும் என்று. கொடுத்தேன். முழுசாகப் போடுங்கள் என்று சொல்லாமல் கொடுத்தேன். அது என் தப்பு. அதை இங்கேயே ஒத்துக்கொள்கிறேன். மாதம்மாளின் பட்டுச் சேலையை வெட்டினீர்கள். தக்காளியை வெட்டினீர்கள். காலை வெட்டினீர்கள். முகத்தை மட்டும் வைத்து, நிறத்தை உறிஞ்சிவிட்டு, சுற்றிலும் கறுப்புக் கட்டம் போட்டு, கீழே பெயரும் ஊரும் எழுதி, ஓரத்தில் நம் குழுவின் சின்னமான குத்துவிளக்கை எரியவிட்டு, கண்காட்சி அறிவிப்பாகக் குழுவின் இணையப் பக்கத்தில் போட்டீர்கள். நீங்களும் தமிழ்நாட்டில் பிறந்தவர்தானே? கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியே பார்த்ததில்லையா?

அந்தப் படம் கை மாறிக் கை மாறி பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் மாதம்மாளின் அண்ணன் கைப்பேசிக்குப் போயிருக்கிறது. தங்கைக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அது சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. மதியத்துக்குள் வேன் பிடித்து, பூமாலையோடு சொந்தபந்தம் மொத்தமும் வந்து இறங்கிவிட்டது. அண்ணி தெருமுனையிலிருந்தே மாரடித்துக்கொண்டு வந்திருக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டு, தலைக்குக் குளித்துத் துண்டு சுற்றிய மாதம்மாள் வெளியே ஓடி வந்து, அண்ணியைக் கட்டிப்பிடித்துக் கேட்டது இதுதான்:

"அய்யோ அண்ணி, யாருக்கு என்னாச்சு?"

அண்ணி பளாரென்று ஓர் அறை விட்டாராம். "உசுரோட இருக்கறவ போன எடுக்கறதுக்கு என்னடி?" அப்புறம் இரண்டு பேரும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள், பிறகு சிரித்திருக்கிறார்கள். வந்த அத்தனை பேருக்கும் மாதம்மாள் சோறாக்கிப் போட்டார். மாலையை ஆடு தின்றது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவரேதான், போனில். கோபமே இல்லை. "நான் சாவலைன்னு சந்தையில சனம் கூட ரெண்டு கிலோ வாங்குது தம்பி" என்றார்.

அடுத்த வாரம் வந்த போனில் அந்தச் சிரிப்பு இல்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா நிச்சயத்தை நிறுத்தி வைத்துவிட்டார். பெண்ணின் தாய் படத்துக்கு விளக்கு வைத்தாயிற்று, எவர் எதற்கு வைத்தார் என்று தெரியாமல் இந்த வீட்டில் கை நனைக்க முடியாது என்கிறாராம். நானே அவரைக் கூப்பிட்டு, படம் எடுத்தவன் நான்தான், வேண்டுமென்று யாரும் செய்யவில்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க படம் எடுத்தவருங்க. வெளக்கு வெச்சவரு யாருங்க?"

"இங்க ஒருத்தருங்க."

"அவரு ஊரறிய வெச்சாரு இல்ல? ஊரறிய அவரு வாயால தப்புன்னு சொல்லட்டுங்க. நாங்க மறுநாளே தட்டத் தூக்கிட்டு வர்றோம்."

அதை உங்களிடம் சொன்னதும், மூடநம்பிக்கை என்று நீங்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினீர்கள். கறுப்பு வெள்ளைதான் கலை, நிறம் கவனத்தைச் சிதறடிக்கும் என்று பாடம் எடுத்தீர்கள். பிறகு ஒரு வார்த்தை சொல்லாமல் படத்தை நீக்கினீர்கள். அதன் பலன் தெரியுமா? காரியம் முடிந்தது, படத்தை எடுத்துவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியிருக்கிறது. கவிதா இரண்டு வாரமாக வீட்டுக்கு வரவில்லை. ஓசூரிலேயே விடுதியில் இருக்கிறாள். நம்மால்தான் பிள்ளை வாழ்க்கை நின்றது என்று மாதம்மாள் தன் முகத்தையே நொந்துகொள்கிறார். அப்படி ஒரு முகத்தை!

நானும் இங்கேதான் வரி கட்டுகிறேன். உங்கள் மண்டபத்தில்தான் பொங்கல் சாப்பிடுகிறேன். ஆனால் நான் கொடுத்த வாக்கு தருமபுரி சந்தையில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டு முழு ஆளாக இங்கே உட்கார என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நான் வருவேன். மாதம்மாளும் பென்னாகரத்துப் பெரியம்மாவும் என் கைப்பேசித் திரையில் இருப்பார்கள். அவர்கள் முன்னால், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்லுங்கள். எந்தப் பக்கத்தில் விளக்கு வைத்தீர்களோ அதே பக்கத்தில், அரக்குப் பட்டோடும் காலோடும் முழுப் படத்தைப் போட்டு, உங்கள் பெயரில் எழுதுங்கள்: இவர் உயிரோடு இருக்கிறார், தப்பு என்னுடையது என்று. எனக்குத் தனிச் செய்தி வேண்டாம். ஊரறியப் பதில் சொல்லுங்கள்.