ஆற்றில் கிடந்த பித்தளை இன்ஜின்

1. எந்தக் காலத்துக் கறுப்பு?

எண்பதுகளின் நடுவில் நான் வேலை பார்த்த மின்விசிறிக் கம்பெனியை மூடிவிட்டார்கள். ஸ்ப்ரே பெயின்டிங் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷெட்டின் கேட்டில் 'பெயின்டர் தேவை' என்று அட்டை தொங்கியதைப் பார்த்து உள்ளே போனேன். முதலாளி துரைராஜ் என் கையில் கொடுத்தது ஒரு ரயில் இன்ஜின். முழங்கை நீளம், முழுக்கப் பித்தளை.

"பொம்மையா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "பொம்மைன்னு இன்னொரு தபா சொல்லாதம்மா. இது மாடல். நெஜ இன்ஜின்ல எத்தினி ரிவெட்டு கீதோ, இதுலயும் அத்தினி கீது."

நான் மேட் பிளாக் டப்பாவைத் திறந்தேன். உடனே தடுத்தார்.

"எந்தக் காலத்து இன்ஜின்னு கேட்டியா? வெள்ளைக்காரன் காலத்துதுன்னா பளபளன்னு இருக்கணும், சைடுல கோடு இழுக்கணும். கடைசிக் காலத்துதுன்னா துரு, கரி, எண்ணெய் வழிஞ்ச கறை. காலம் தெரியாம பிரஷ்ஷ தொடாத."

கறுப்பில் இத்தனை கறுப்பு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வாடிக்கையாளர்கள் எல்லாம் ரயில் பைத்தியங்கள். ஆளுக்கொரு காலம் பிடிக்கும். மற்ற காலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆவடி டிபென்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து வரும் பெரியசாமிக்கு டீசல் வந்த காலம். காட்டுப்பாக்கத்து சம்பத், பேங்கில் ஆபீசர். அவருக்கு நீராவிக் காலம் மட்டும்தான். சனிக்கிழமை இருவரும் ஷெட்டுக்கு வந்தால் டீ ஆறிப்போகும் வரை சண்டை நடக்கும்.

"டீசல் வந்த அன்னிக்கே ரயில் செத்துப்போச்சு சார்" என்பார் சம்பத்.

"வெள்ளச் சட்டையோட ஏறி கறுப்புச் சட்டையோட எறங்குனதெல்லாம் மறந்துபோச்சா?" என்பார் பெரியசாமி.

நான் சிரிப்பேன். பக்கத்து மேஜையில் சால்டரிங் செய்யும் நூர்ஜஹான் அக்கா மட்டும் தலை நிமிர மாட்டார். பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் பற்ற வைத்த இடத்தில் விரலை ஓட்டினால் ஒட்டுத் தெரியாது. இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தும், அவர் அப்பா ரயில்வேயில் இருந்தவர் என்பது எனக்குத் தெரியாது.

2. போட்டோ

ஒரு மழைக்காலத்தில் சம்பத் பெரிய ஆர்டர் கொடுத்தார். இன்ஜின், அதன் பின்னால் கரி ஏற்றும் டெண்டர், மூன்று பெட்டி, ஒரு இரும்புப் பாலம். வரைபடத்தில் பாலம் இரண்டு துண்டாக இருந்தது. எடுத்துப்போக வசதியாக இருக்கும் என்று நானும் அக்காவும் நினைத்துக்கொண்டோம். அக்கா மாதக்கணக்கில் உட்கார்ந்து இன்ஜினை முடித்தார். அதற்கு அப்புறம் முதலாளி ஒரு பெட்டியின் முன்பக்கத்தைச் சுத்தியலால் நசுக்கச் சொன்னார். நான் திகைத்து நின்றேன்.

"நல்லாத்தானே சார் கீது? ஏன் நசுக்கணும்?"

"சம்பத் சார் வருவாரு, சொல்லுவாரு."

அந்தச் சனிக்கிழமை சம்பத் வந்தார். பழைய பத்திரிகைப் படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார். தண்ணீர் என்ன நிறம் என்று எனக்குக் காட்டத்தான். என் மேஜையில் விரித்தார். வெள்ளத்தில் பாலம் உடைந்திருந்தது. இன்ஜின் தலைகுப்புற ஆற்றில் கிடந்தது. ஒரு பெட்டி பாதி அந்தரத்தில் தொங்கியது. படத்தின் அடியில் ஊரும் தேதியும் அச்சாகியிருந்தன.

"அந்தக் காலத்துல நடந்த பெரிய விபத்தும்மா. இதுவரைக்கும் யாரும் மாடல் பண்ணதில்ல. தண்ணி செம்மண் கலர்ல வரணும். கரையில ஆளுங்க, அப்புறம்..." கொஞ்சம் தயங்கிவிட்டு, "படுத்திருக்குற மாதிரியும் சில ஆளுங்க வேணும்" என்றார்.

அதற்குள் பின்னால் ஏதோ விழும் சத்தம். அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். சால்டரிங் அயர்ன் தரையில் கிடந்து புகைந்தது. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

அக்கா படத்தையே பார்த்தார். "இது எங்க அத்தா வண்டி" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"எங்க அத்தா இதுல பயர்மேனு. கரி அள்ளிப் போட்டுகினு இருந்தாரு. அடக்கம் பண்ண மையித்து கூட கெடைக்கல."

முதலாளி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆனால் எங்களை அதிர வைத்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். சம்பத்தின் கண்கள் விரிந்தன. அவர் அக்காவின் பக்கம் நகர்ந்து, "நெஜமாவா? அப்படீன்னா உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே... அன்னிக்கு ஹெட்லைட் எரிஞ்சுதா இல்லையா? எந்தப் புஸ்தகத்துலயும் இல்லம்மா!" என்றார்.

"யோவ், வெளிய போய்யா!" என்று கத்தினேன். கஸ்டமரைப் பார்த்து நான் அப்படிக் கத்தியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அப்போதுதான் சம்பத்துக்குத் தான் என்ன கேட்டோம் என்பது உறைத்தது. முகம் வெளுத்துப்போய், படத்தை எடுக்காமலே கிளம்பிப் போனார்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். முதலாளி அட்வான்ஸைத் திருப்பித் தரப்போவதாகச் சொல்லிவிட்டார்.

3. அம்மா

திங்கட்கிழமை அக்கா முதல் ஆளாக வந்து மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பாலத்த எடு" என்றார் என்னிடம்.

"வேணாங்க்கா. ஆர்டர் கேன்சல்."

"கேன்சல்லாம் பண்ணாத. படத்துல கீற மாரியே பண்ணணும். எங்கம்மாவுக்குக் காட்டணும். அவுங்க அந்த எடத்தப் பாத்ததே இல்ல. புருசன் போயி இத்தாவுல இருந்தாங்க, நாலு மாசம் ஊட்டத் தாண்டி வெளிய வரக் கூடாது. அப்பால யாரும் இட்டுகினு போவல. படுத்துகினு கீற ஆளுங்க மட்டும் வேணாம்."

அடுத்த வாரங்களில், தான் மாதக்கணக்கில் பற்ற வைத்த இன்ஜினை அக்காவே நெம்பி வளைத்தார். நான் செம்மண் தண்ணீரைப் பூசினேன்.

வேலை முடிந்ததும் அக்கா தன் அம்மாவை ஆட்டோவில் கூட்டி வந்தார். வெள்ளைத் துப்பட்டி போர்த்திய மெலிந்த உருவம். முதலாளி சம்பத்துக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார்.

அம்மா மாடலைச் சுற்றி வந்தார். குனிந்து, பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார்.

"இன்ஜின் நீளங்கூட வரல, இம்மாந்தான் ஒசரமா?" என்றார். "நான் மலையிலேருந்து உயுந்த மாரி நெனச்சிகினு இருந்தேன். இவ்ளோ வருசமா கனவுல அவரு உயுந்துகினே இருப்பாரு. தரையே வராது."

அக்கா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். முதலாளி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா, "இது யாரு ஊட்டுக்குப் போவுது?" என்று கேட்டார்.

சம்பத் முன்னால் வந்தார். "நான்தாம்மா கேட்டேன். எனக்கு அந்தக் காலம்னா ரொம்பப் பிடிக்கும். அந்த நீராவி இன்ஜின் காலம். தப்பா எதுவும் நெனச்சுக் கேக்கல..."

அம்மா கோபப்படவில்லை. இன்ஜினின் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். அது காலியாக இருந்தது. பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீதான் பெயின்ட் அடிக்கிறியா?"

"ஆமாம்மா."

"டூட்டி முடிஞ்சி ஊட்டுக்கு வந்தா அவரு கண்ணு ரெண்டும் செவசெவன்னு கெடக்கும். நெருப்பையே பாத்துகினு இருந்த கண்ணு. நான் தாய்ப்பால் ஊத்துவேன். அந்தச் செவப்பு உங்க டப்பாவுல கீதா?"

நான் சிவப்பு டப்பாக்களைத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றாக மூடினேன்.

சம்பத் மாடலை எடுத்துப் போகவில்லை. "அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அம்மாவும் வேண்டாம் என்றுவிட்டார். பார்த்தது போதும், இனி அதைப் பிரித்துவிடுங்கள் என்றார். அக்காவே சூடு காட்டி ஒவ்வொரு ஒட்டாகப் பிரித்தார். அந்தப் பித்தளை வேறு இன்ஜின்களுக்குப் போனது. சம்பத் மறுபடி ஷெட்டுக்கு வரப் பல மாதமாயிற்று. வந்தபோது அக்காவுக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்கிற காலத்தில் இன்னொருவர் வேலை பார்த்திருக்கிறார். நிறம் கலக்கும் முன் அவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை இன்ஜினுக்குள் ஆள் வைத்தால் அழகு கெடும் என்று வாடிக்கையாளர்கள் காலியாகத்தான் வாங்குவார்கள். அதற்குப் பிறகு எங்கள் ஷெட்டிலிருந்து போன ஒவ்வொரு நீராவி இன்ஜினிலும் டிரைவரும் பயர்மேனும் நின்றார்கள். பயர்மேனின் கண்ணில் ஒற்றை முடி பிரஷ்ஷால் நான் சிவப்பு வைப்பேன். லென்ஸ் இல்லாமல் தெரியாது. ஒருவர் மட்டும் கண்டுபிடித்து, "என்னம்மா, கண்ணுல செவப்புப் பட்டிருக்கு, தொடைக்க மறந்துட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல சார்," என்றேன். "அந்தக் காலத்துல அந்தக் கண்ணு அப்படித்தான் இருந்துச்சு."