வெள்ளை மண்ணால் எங்களை வாழவைத்த அக்கா

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்றைய பூசைக்கு வந்து எங்களோடு முழந்தாளிட்ட உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன். அழுகை ஓரளவு அடங்கிவிட்டது. நன்றிதான் மிச்சமிருக்கிறது.

அக்கா திருச்சிராப்பள்ளிச் சீமையில் பிறந்து, கைக்குழந்தையாக இந்த மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்தவர். அப்பா பிரிக்பீல்ட்ஸ் செங்கல் சூளையில் வேலை பார்த்தார். எனக்கு விவரம் தெரியுமுன்பே காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. அம்மா இரயில்வே குடியிருப்புகளுக்கு மாவு இடித்துக் கொடுத்து எங்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அக்காவும் உலக்கை பிடித்தார்.

பாக் ஹசான் என்ற மலாய்க்காரர் பூச்சோங் பக்கமிருந்து மாட்டுவண்டியில் விறகு கொண்டுவருவார். அவருடைய வண்டிச் சக்கரங்களில் எப்போதும் வெள்ளையாக ஏதோ அப்பியிருக்கும். அது என்னவென்று அக்கா கேட்டார். ஈயச் சுரங்கத்தில் தோண்டி ஒதுக்கியது, மலாயில் தானா பூத்தே, அதாவது வெள்ளை மண், கேட்பாரற்றுக் கிடக்கிறது என்றார் அவர். அடுத்த நடையில் ஒரு சாக்கு கொண்டுவந்து இறக்கினார். அதற்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

அக்கா அந்த மண்ணைத் தொட்டியில் கரைத்து, மணல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் பால் போன்ற நீரை வடித்து, படிந்ததைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தார். கைபட்டால் மாவு போல் வழுக்கியது. முதலில் எங்கள் வீட்டுச் சுவரில் பூசினோம். அதைப் பார்த்த இரயில்வே குமாஸ்தா ஒருவரின் மனைவி, கணவர் காலில் போடும் கான்வாஸ் சப்பாத்துக்கும் தொப்பிக்கும் பூசக் கொஞ்சம் கேட்டார். அங்கிருந்து போலீஸ்காரர்களின் வெள்ளை இடுப்பு வார்களுக்குப் போயிற்று.

அதன்பின் அந்த மண் போகாத இடமில்லை. பெருமாள் கோயில் கடையில் நாமக்கட்டியாக விற்றது. பொற்கொல்லர் பொன் உருக்கும் மூசை செய்ய வாங்கினார். தையற்காரர் துணியிலுள்ள எண்ணெய்க் கறையை எடுக்க வாங்கினார். நாடகக் கொட்டகைக்காரர்கள் அரிதாரத்தில் சேர்த்தார்கள். வேர்க்குரு வந்த குழந்தைகளுக்குத் தாய்மார் பொடியாகப் பூசினார்கள். கிள்ளானில் பீங்கான் சுடும் சீனர் வண்டி கணக்கில் எடுத்தார். பிற்காலத்தில் சப்பாத்துக்கு இரப்பர் அடிப்பாகம் வார்க்கும் பட்டறையிலும் இரப்பர்ப் பாலோடு கலந்தார்கள். உங்கள் கையிலிருக்கும் இந்தத் தாளின் வழவழப்புக்கும் இத்தகைய மண்தான் காரணமாம். அச்சகத்தார் சொன்னபோது தாளைத் தடவித் தடவிப் பார்த்தேன். மாவு இடிப்பதை அம்மா நிறுத்தியதும் நான் பள்ளிக்குப் போனதும் அந்த மண்ணால்தான்.

ஒரு மழைக்காலத்தில் மேரு பக்கத்து இரப்பர்த் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் வயிற்றுப்போக்கு பரவியது. எங்கள் மாதா கோயிலுக்கு வரும் டிரெசர் ஒருவர் அங்கே டாக்டருக்கு உதவியாளராக வேலை பார்த்தார். நோயாளிகளுக்கு வெள்ளைக் களிமண் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மருந்தறையில் அது தீர்ந்துவிட்டது. சிங்கப்பூரிலிருந்து வரவேண்டியதோ வந்தபாடில்லை. டிரெசர் அக்காவிடம் வந்தார்.

அக்கா பயந்தார். சுவரில் பூசும் மண்ணை மனிதர் வயிற்றில் விடுவதா என்று தயங்கினார். பிறகு டிரெசர் சொன்னபடியே பலமுறை கழுவி வடித்து, இரும்புச் சட்டியில் நெடுநேரம் வறுத்துக் கொடுத்தார். டாக்டர் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொல்லியனுப்பினார். அப்போதும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. எங்கள் முன்னால் ஒரு குவளை கலக்கிக் குடித்தார்.

"என் கையால செஞ்சது. மொதல்ல என் வயித்துக்குப் போகட்டும்," என்றார்.

மண்ணோடு தானும் போவதாகச் சொன்னபோது அம்மா வழியை மறித்தார். "போனா திரும்பி வருவியாடி?"

"அங்க தண்ணி கொடுக்கக்கூட ஆள் இல்லையாம்மா," என்று மட்டும் சொல்லி வண்டியேறினார்.

லயத்துக் கொட்டகையில் உப்பிட்ட வெந்நீரும் மண் கரைசலும் மாறிமாறிக் கொடுத்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எல்லாரும் பிழைக்கவில்லை. அவர் மடியிலேயே இரண்டு குழந்தைகள் போயின. அதைப் பற்றி ஒரே ஒருமுறைதான் பேசினார். பிழைக்கமாட்டார் என்று ஓரமாகக் கிடத்தியிருந்த இரப்பர்ப் பால்மரம் சீவும் தொழிலாளி ஒருவருக்கு அக்கா கரண்டியால் விடாமல் ஊட்டிக்கொண்டிருந்தாராம். அவர் கண் விழித்தார். மண் மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை, பக்கத்தில் ஆள் இருந்ததும்தான் என்று டிரெசர் இன்றும் சொல்வார்.

அந்தத் தொழிலாளி உடல் தேறியதும் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். நன்றி சொல்ல வந்தவர், தொட்டியில் மண் கரைக்க நின்றுவிட்டார். அவர்தான் என் அத்தான்.

அவர் இந்து, நாங்கள் கிறிஸ்தவ வேதக்காரர். ஜாதியும் வேறு. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. குலம் கோத்திரம் விசாரிக்க வேண்டாமா என்று கேட்டதற்கு அக்கா, "செத்துப் பொழச்சவரும்மா அவரு. இன்னும் என்ன விசாரிக்கணும்?" என்றார். திருமணத்துக்கு அம்மா வரவில்லை. முதல் பிள்ளை பிறந்தபோது பார்க்க வந்தார், பிறகு தம் வீட்டுக்குத் திரும்பிப் போகவேயில்லை. அத்தான் கையால் சோறு வாங்கி உண்டுதான் கண்மூடினார்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு நெஞ்சில் சளி கட்டிச் சுரம் கண்டது. மருத்துவமனையில் சூடாக்கிய களிமண் பற்றைத் துணியில் தடவி மார்பில் போட்டார்கள். இதமாக இருக்கிறது என்றார். நோய் முற்றிவிட்டிருந்தது. பாதிரியார் வந்து எண்ணெய் பூசினார். அத்தானின் கையைப் பிடித்தபடியே அக்கா அமைதியாக இறைவனிடம் சென்றார்.

பாக் ஹசானுக்கும் டிரெசருக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், பெட்டியைச் சுமந்த இரயில்வே நண்பர்களுக்கும், அடக்கத்தன்று சோறு கொண்டுவந்து எங்கள் வீட்டில் அடுப்பெரியாமல் பார்த்துக்கொண்ட அண்டைவீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவர் இருக்கிறார். நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரங்களில், அடுத்த கட்டில் நோயாளியைப் பார்க்க வந்த ஒரு பெண்மணி அக்காவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டதாகத் தாதியர் சொன்னார்கள். மாலையில் நாங்கள் போகும்போதெல்லாம் அக்காவின் கூந்தல் சிக்கெடுத்துப் பின்னியிருக்கும். பெயர் கேட்க அக்காவுக்கு மூச்சு இல்லை, எங்களுக்கோ நேரம் வாய்க்கவில்லை. அம்மணி, இந்த நினைவு மலர் எப்படியாவது உங்கள் கைக்கு வந்தால், எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வாருங்கள். உங்கள் பெயரை மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள்.