பிகாஷுக்காகப் பேச ஓர் ஆள்

இனயம் ஊர் அன்பியக் குடும்பங்களுக்கு என் வணக்கம். என் பெயர் சூசை. மீன்பிடி வள்ளத்தில் டிரைவராக இருந்தவன். கூட்டத்தில் எழுந்து பேசுகிற ஆள் நான் இல்லை. ஆனால் போன தவக்காலத்தில் ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்தால் நன்றிகெட்டவன் ஆவேன்.

அன்று ஞாயிறு. பூசை முடிந்து வந்து சோற்றின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாய் இறங்கவில்லை. மீன் ஏலக்கூடத்தில் பிகாஷைத் தூணில் கட்டி வைத்திருந்தார்கள். ஒடிசாக்காரன், இரண்டு வருடமாக எங்கள் வள்ளத்தில் வலை இழுக்கிறவன். வள்ளத்து ஜிபிஎஸ் கருவியைத் திருடினான் என்று குற்றம். அதை எடுத்தது நான்.

கடலுக்கடியில் மீன் கூடும் பாறையை 'பார்' என்போம். நான் வருடக்கணக்காக அலைந்து கண்டுபிடித்த ஒரு பாரின் இடம் அந்தக் கருவிக்குள் இருந்தது. எங்கள் ஆட்கள் பெண்டாட்டியிடம்கூடப் பாரைச் சொல்லமாட்டார்கள். வள்ளத்தின் சொந்தக்காரர் ராயப்பன் மாமா. அவருடைய மருமகன் அதை நகல் எடுக்கப் பார்க்கிறான் என்று காதில் விழுந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை கரை ஏறியதும் கருவியைக் கழற்றி, நான் உடுத்தும் சாரத்தில் சுற்றி வீட்டு அலமாரியில் வைத்தேன். ஞாயிறு நாங்கள் கடலுக்குப் போவதில்லை. அதற்குள் பாரின் இடத்தை அழித்துவிட்டு, திங்களன்று மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஞாயிறே மாமா வள்ளத்தைப் பார்க்கப் போவார் என்று யார் கண்டது? வள்ளத்துக்குப் பக்கத்தில் வலைக்கொட்டகையில் படுப்பவன் பிகாஷ் ஒருவன்தான். எல்லாருடைய கண்ணும் அவன்மேல் போயிற்று.

"இயேசுவே, என் பெயர் வெளியே வராமல் அவனை விடுவியும்." இதுதான் என் செபம். என்ன செபம் பாருங்கள்.

என் மனைவி செலினுக்கு எதுவும் தெரியாது.

"எதுக்குச் சோறத் தொடாம இருக்கிய? எனக்கும் அந்தப் பிகாஷ நெனச்சா இறங்கல்ல. போலீசு வந்து கொண்டுபோனா அவனுக்க பாஷ யாருக்குத் தெரியும்? வாருங்க, செபம் செய்வோம்."

முழங்காலிட்டாள். "ஆண்டவரே, அவனுக்காகப் பேச ஒரு ஆள அனுப்பும்" என்று கண்ணீரோடு கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆமென் சொல்லுங்க" என்றாள்.

அந்த ஆமெனை நான் எப்படிச் சொல்வேன்? வளைகுடாவில் மீன்பிடிக்கப் போன காலத்தில், எல்லை தாண்டினோம் என்று எங்களையும் பிடித்து வைத்தார்கள். பாஷை தெரியாமல் விழித்து நின்றபோது, முன்பின் தெரியாத ஒரு மலையாளி எங்களுக்காக அதிகாரியிடம் மன்றாடினார். அந்நியனை ஒடுக்காதே, நீயும் அந்நியனாக இருந்தவன் என்று விவிலியத்தின் விடுதலைப் பயண நூலில் ஆண்டவர் சொல்வதை, இதே அன்பியச் செபக்கூட்டத்தில் வாசித்தவனும் நான்தான்.

செலினிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுதாள். திட்டவில்லை. கருவியை எடுத்து என் கையில் தந்து, "நானும் வாறேன்" என்றாள்.

ஏலக்கூடத்துக்குப் போனோம். பிகாஷின் உதடு வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும் மாமாவிடம், "அண்ணா வந்தாச்சு. அண்ணாகிட்ட கேளு. நான் திருடன் இல்ல" என்றான். காலையிலிருந்து எனக்காகத்தான் காத்திருந்தானாம். அந்த இடத்தில் என் நெஞ்சு உடைந்துபோனது.

"மாமா, அவன அவுத்து விடுங்க. இது எனக்க வீட்டுல இருந்தது. பாருக்க எடத்த அழிக்க நான்தான் எடுத்தேன்."

மாமா கருவியைக் கையில் வாங்கினார். "ஏலே சூசை, ஒரு வார்த்த பறைஞ்சிருந்தா அழிச்சிட்டே தந்திருப்பேனே மக்கா" என்றார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரே கயிற்றை அவிழ்த்து, பிகாஷின் முன்னால் கைகூப்பினார்.

பிகாஷை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கயிறு பதிந்த மணிக்கட்டில் செலின் தேங்காய் எண்ணெய் தடவினாள். நான் அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். குலுங்கிக் குலுங்கி அழுதான். "ரொம்ப பயம், அண்ணா" என்றான். பிறகு, "சோறு இருக்கா?" என்று கேட்டான். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

டிரைவர் வேலை என்னை விட்டுப் போனது. நியாயம்தான். இப்போது பிகாஷின் பக்கத்தில் நின்று வலை இழுக்கிறேன். வெளியூர்த் தொழிலாளிகள் யாருக்காவது காவல் நிலையத்திலோ, நெய்யூர் ஆஸ்பத்திரியிலோ துணை வேண்டுமென்றால் நான் போகிறேன். பாஷை அரைகுறைதான். பக்கத்தில் ஓர் ஆள் நின்றாலே அவர்களுக்குத் தெம்பு வருகிறது.

செலினின் செபத்தை ஆண்டவர் கேட்டார். அனுப்ப அவருக்குக் கிடைத்தது இந்தப் பாவி. சகோதர சகோதரிகளே, பேச நாதியில்லாத ஒருவருக்காக நீங்கள் செபிக்கும்போது உங்கள் மனமே உங்களைக் குத்தினால், உடனே எழுந்து போங்கள். ஏலக்கூடம் வரைக்கும் என் கால் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. நடுங்குகிற காலோடும் போகலாம். அவர் கூட வருவார்.