ஒன்பதாம் கோடு

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூணில் வெள்ளைச் சாயத்தில் பத்துக் கோடுகள். தண்ணீர் ஒன்பதாம் கோட்டில் நிற்க வேண்டும். ஏறினால் மதகுப் பலகையைத் தூக்க வேண்டும், குறைந்தால் இறக்க வேண்டும். மதகுக்காரி இருபத்திரண்டு வருடமாகச் செய்தது இவ்வளவுதான். யார் என்ன கேட்டாலும் அந்தக் கோட்டையே பதிலாகச் சொல்லிச் சொல்லி, ‘ஒன்பதாங்கோடு’ என்றே பேர் விழுந்துவிட்டது.

வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று கடைமடைக்காரர்கள் வருடந்தோறும் வந்து சத்தம் போடுவார்கள். தூணைக் காட்டுவாள்.

“கண்ணு இருக்கில்ல? பாத்துக்குங்க.”

முனகிக்கொண்டே போய்விடுவார்கள்.

மதகுக்கு மேலே, கரையோரம் மாவு மில் வைத்திருக்கும் தம்பி, போன வருடம் தரையைப் புதிதாகப் போடும்போது உயரம் கேட்டான்.

“ஒன்பதுக்கு ரெண்டு விரல் மேல போடு, போதும்” என்றாள்.

இந்த வாரம் புது இன்ஜினியர் வந்து கருவி வைத்து அளந்தார். தூண் நாலு விரல் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. கோடுகளும் கூடவே இறங்கிவிட்டன. எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. கரைச்சுவரில் இரும்பு அளவுகோல் ஒன்றை அடித்துவிட்டு, “இனிமே இதுதாம்மா. இதுல ஒன்பதுக்கு நிறுத்துங்க” என்றார்.

கடைமடைக்காரர்களிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை, ஆனாலும் காட்டிய கோடு தப்பு என்பதுதான் அவளை உறுத்தியது. தண்ணீர் நாலு விரல் ஏறினால் வாய்க்கால் கடைசிவரை நனையும். தம்பியின் மோட்டாரும் நனையும். இன்ஜினியர் மாதம் ஒருமுறைதான் வருவார்.

“மூணு நாள் குடுங்க சார்.”

நேராக மில்லுக்குப் போனாள். “மோட்டாருக்கு மேடை கட்டுடா. தண்ணி ஏறப்போகுது.”

தம்பி மாவு படிந்த புருவத்தை உயர்த்தினான். “நீதானேக்கா ரெண்டு விரல் போதும்னே?”

“நாந்தான் சொன்னேன். தூணு இறங்கிப்போச்சு.”

“தூணு இறங்குச்சு, உன் வாய் இறங்கலையே! பழைய கோட்டுலயே விட்டுடேன். யாரு பாக்கப்போறா?”

“இத்தன நாள் பாக்காம விட்டது நாந்தானே.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இரண்டு நாள் அவளே செங்கல் சுமந்தாள்.

நாலாம் நாள் காலையில் பலகையை இறக்கினாள். மதியத்துக்குள் தண்ணீர் மில் வாசலைத் தாண்டித் தரையில் பரவியது. தம்பி குனிந்து விரலை வைத்துப் பார்த்தான்.

“சரியா ரெண்டு விரல். உன் அளவு தப்பவே தப்பாதுக்கா.”

அவள் மேடைமேல் ஏற்ற வேண்டிய மாவுச் சாக்கின் மறுமுனையைப் பிடித்தாள். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று நாளைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை.