கோப்பில் இருந்த மாப்பிள்ளை

மழையில் நனைந்து வந்த நெவிலைக் குதிரைப் பந்தயக் கடைக்குள் விடாமல் தடுத்த பெரில், தன் குடையை விரித்து ட்ராம் நிறுத்தம் வரை அவனோடு நடந்தாள். அதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் கடலோர ஊரான ஃப்ளீட்வுட்டில், அந்தக் கடையில் பதினெட்டு வருஷமாகக் கல்லாவில் இருப்பவள் அவள்.

தன்னை உள்ளே விட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவனே நெவில்தான். இனி ஒரு பந்தயம் கட்டினாலும் என் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி கிளெனிஸ் சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள். அப்படி எழுதிக் கொடுத்தவர்களின் படம் ஊரில் எல்லாப் பந்தயக் கடைக் கோப்பிலும் இருக்கும். ஆனாலும் கடல்பனி இறங்கும் பகல்களில் அவன் கால்கள் தாமாகவே நடந்தன. கடைக் கண்ணாடிக்கு அப்பால், தண்ணீருக்கடியில் ஓடுவதுபோல் திரையில் குதிரைகள் சத்தமின்றி ஓடின. அடுத்த தெருக் கடையில் அவனை யாரும் தடுக்கவில்லை. கைபேசியில் தன் பெயரை அடித்தால் பந்தயத் தளத்தின் கதவு திறக்காது. கிளெனிஸ் பெயரை அடித்தால் திறந்துவிடும்; அப்படியும் கட்டினான்.

அவன் அந்தத் தெருவிலிருந்து வருவதை ஒருநாள் பார்த்துவிட்ட பெரில், கோப்பிலிருந்து அவன் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். படத்தில் அடர்ந்த முடி, கோட்டில் பூ.

“யாருப்பா இந்த மாப்பிள்ளை?”

“நான்தான் அக்கா. என் கல்யாணப் படம்.”

“எனக்குத் தெரியுது. அந்தக் கடைப் புள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்? இந்த முடிய அவங்க எங்க போய்த் தேடுவாங்க?”

சிரித்தவன் தலையைக் குனிந்துகொண்டான். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய படம். இப்போதிருக்கும் முகத்தைக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது என்றான்.

“ஆண்டவர் தெனமும் பாக்குற மூஞ்சிதானே. நில்லு.”

சுவரோரம் நிறுத்தி, கடைக் கேமராவில் படமெடுத்து எல்லாக் கடைக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தாள். கைபேசியில் நடப்பதையும் அவன் ஒப்புக்கொண்டதும், அந்தக் கதவுக்குத் தன்னிடம் பூட்டு இல்லை, அது கிளெனிஸிடம்தான் இருக்கிறது என்றும் சொன்னாள்.

அன்று மாலையே அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஆயுளில் ஒரு பந்தயமும் கட்டாத கிளெனிஸ், என்னையும் விடாதீர்கள் என்று பந்தயத் தளத்துக்குத் தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். தன் அக்கா வீட்டுக்குப் போகவில்லை.

பெரில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாளில் நெவில் தெருவில் நின்றே கை கொடுத்தான். அவள் அந்தக் கையை விடாமல் சொன்னாள்: “நாளையிலருந்து நான் இங்க இல்லப்பா. அதுக்காக உள்ள வந்துறாத.”