மாமியின் ஆறு கிலோ பை

அடுப்பு விற்கிற தொழிலில், சமைக்கத் தெரியாதவன் ஒருத்தன்கூடக் கடைக்கு வரமாட்டான்; வருகிற எல்லாரும் எனக்கே பாடம் எடுப்பார்கள். கடை வைத்திருக்கும் மக்களே, உங்கள் தலையெழுத்தும் இதுதானே?

தாராவியில் எனக்குத் தகரப் பட்டறை. மலையேறுகிறவர்கள் முதுகுப் பையில் வைத்துக்கொள்ளும் விறகு அடுப்பு செய்கிறேன். கேஸ் சுமக்க வேண்டாம். வழியில் கிடக்கிற சுள்ளியை ஒடித்துப் போட்டால் போதும்.

தராசு

மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி வந்தார். அறுபத்திரண்டு வயது, பேங்க் வேலையில் ரிட்டயர் ஆனவர். முதல்முறையாக ஒரு மலைக்கோட்டைக்கு ட்ரெக் போகிறாராம். கூட்டிப்போகிற லீடர் பெண் கறாராகச் சொல்லிவிட்டாளாம்: பை ஆறு கிலோவைத் தாண்டினால் மாமி அடிவாரத்து ஊரிலேயே இருந்துகொள்ள வேண்டும். "ஆயுசு பூரா ட்ரெயின்லேர்ந்து அண்ணாந்து பாத்த மலை. ஒரு தடவை மேல நின்னுண்டு கீழ பாக்கணும்" என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது.

இரட்டைச் சுவர் அடுப்பைக் காட்டினேன். புகை குறைவு, ஆனால் அரைக் கிலோ. மடக்கு அடுப்பு ஐந்து தகடுதான், கால் கிலோ. மாமி கைப்பையிலிருந்து சமையலறைத் தராசை எடுத்து இரண்டையும் எடை போட்டார். பிறகு மடக்கு அடுப்பை என்னிடம் நீட்டிக் கேட்டார்: "இதுல இன்னும் ரெண்டு ஓட்டை போட்டா பத்து கிராம் குறையுமோல்லியோ, தம்பி?"

பால்

புது அடுப்பில் முதலில் பால் காய்ச்ச வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எதிர்க் கடையில் பால் பாக்கெட் வாங்கி, பட்டறை வாசலிலேயே பற்றவைத்தோம். பொங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொங்கியது. உள்ளங்கை அகல அடுப்பு, தாங்குமா? பால் வழிந்து நெருப்பே அணைந்துவிட்டது. அபசகுனம் என்று கிளம்பிவிடுவார், வியாபாரம் போச்சு என்று நினைத்தேன். குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொங்கித்தோல்லியோ, அது போறும். மலையில பாலில்லாத கட்டங்காப்பிதான்."

சிரட்டை

மழைக்காலம், சுள்ளியெல்லாம் ஊறிக் கிடக்கும், வேறு மாசம் போங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே! கிளம்புவதற்கு முந்தின நாள் பையோடு வந்து நின்றார். வீட்டில் தேங்காய் துருவிய சிரட்டைகளைக் காயவைத்து, உடைத்து, சின்னச் சின்ன பிளாஸ்டிக் கவரில் கட்டியிருந்தார். அடுப்பில் மிச்சம் பிடித்தது கால் கிலோ, சிரட்டை அரைக் கிலோ. என்னத்தச் சொல்ல!

என் தராசில் பை ஆறு கிலோ முந்நூறு. மாற்றுத் துணியை எடுத்துவிடுங்கள் என்றேன். மாமி சிரட்டைக் கவர்களை உருவி, மழைக்கோட்டுப் பாக்கெட்டுகளில் திணித்துக்கொண்டார். "ஆறு கிலோ பைக்குத்தானே? ஆளுக்கில்லையே."

உச்சி

அடுத்த வாரம் அந்த லீடர் பெண்ணே பட்டறைக்கு வந்தாள். செம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பெண். கோட்டைக்குப் போனதும் மழை பிடித்துக்கொண்டதாம்; ஒரு குச்சிகூடப் பற்றவில்லையாம். மாமிதான் மழைக்கோட்டிலிருந்து சிரட்டையை எடுத்து, நடுங்கிக்கொண்டிருந்த எட்டுப் பேருக்கும் பாதிப் பாதி டம்ளராகக் காப்பி கொடுத்தாராம்.

"அது சரி, மேலே நின்று கீழே பார்த்தாரா?" என்றேன். எனக்கு அதுதான் கவலை.

"ஒரே மூட்டம் அண்ணா, ஒண்ணுமே தெரியல. 'அப்போ மறுபடி வரணும்'னு அங்கேயே பேர் குடுத்துட்டாங்க. இனிமே நான் அவங்க பேக்கைத் தராசுல வச்சு வஜன் பண்ண மாட்டேன்."

இப்போதெல்லாம் இலேசான அடுப்பு கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, மழைக்கோட்டில் எத்தனை பாக்கெட் என்பதைத்தான்.